தணிக்கைக்குத் தப்பிய பெயர்கள்

நுழையும்முன்

உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, மெய்யெழுத்துகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். கார்த்திகேயன் என்றால் ஏழு எழுத்து. தமிழ்ச்செல்வி என்றாலும் ஏழு. இந்நாட்டில் எவரும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஓர் அரசு ஆணையிட்டால் இவ்விருவரும் என்ன ஆவர்? கார்த்திகேயன் 'கார்' ஆவான். தமிழ்ச்செல்வி 'தமி' ஆவாள். கார் என்றால் கருமேகம், தமி என்றால் தனிமை. இரண்டும் பொருளுள்ள நல்ல சொற்களே. ஆனால் அப்பெயரால் அழைத்தால் அவ்விருவரும் திரும்பிப் பார்ப்பார்களா?

இரண்டெழுத்து நாடு

சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' என்னும் புதினத்தில் அத்தகைய ஆணை நடப்பில் இருக்கிறது. 1980-களில் ஆனந்த விகடன் இதழில் தொடராக வெளிவந்து, பின்னர்த் தொலைக்காட்சிக்கும் சென்ற கதை இது. சுஜாதா என்பது புனைபெயர். இயற்பெயர் ரங்கராஜன் (1935-2008). திருவரங்கத்தில் வளர்ந்த அவர், பெங்களூரில் மின்னணுப் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே தமிழில் எழுதினார். உங்கள் பெற்றோரைப் போலவே தமிழ்நாட்டுக்கு வெளியே நெடுங்காலம் வேலை பார்த்தவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கதை நிகழும் காலம் 2020-களின் தொடக்கம். இந்தியாவை ஜீவா என்னும் ஒரே தலைவர் ஆள்கிறார். யார் குழந்தை பெறலாம், எவர் எத்தனை ஆண்டு வாழலாம் என்பனவற்றை அரசே வரையறுக்கிறது. நிலா என்னும் இளம்பெண்ணுக்குக் குழந்தை பெற்றுக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. அவள் மகிழ்ந்திருக்கும் வேளையில் கணவன் சிபி காணாமற்போகிறான். அவள் வீட்டில் தங்குவதற்கு ரவி என்னும் இளைஞன் வருகிறான். அவனுடன் ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டியும் வருகிறது. ரவிக்கு மனோ என்று ஒரு நண்பன். இப்பெயர்களை மறுபடி வாசியுங்கள்: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா. நாய்க்குட்டிக்குக்கூட இரண்டெழுத்துத்தான்.

பெயரைச் சுருக்குவதால் அரசுக்கு என்ன ஆதாயம்? நம் பெயர்களில் ஊர் இருக்கிறது, குலதெய்வம் இருக்கிறது, பாட்டன் பாட்டி இருக்கிறார்கள். நீண்ட பெயர் ஒரு மனிதரை அரசுக்கு முன்பிருந்தே வரும் உறவுகளோடு கட்டி வைக்கிறது. அவ்வுறவுகளை வெட்டிவிட்டால் எஞ்சுவது அரசு கொடுத்த அடையாளம் மட்டுமே. ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்குவதும் அதன்பின் எளிது.

வெளிமாநிலப் படிவங்களில் முதலெழுத்தை விரித்தெழுதச் சொன்னதால் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகி, வகுப்பில் அப்பாவின் பெயரால் அழைக்கப்படுவோர் உங்களுள் சிலர் இருக்கலாம். அது படிவத்தின் வசதிக்காக நேர்வது. எவரும் தீங்கு கருதிச் செய்ததன்று. ஆயினும் முதன்முறை அப்படி அழைக்கப்பட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். இப்பாடத்தைப் படிக்க அது உதவும்.

கதையின் முடிச்சொன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. நாடெங்கும் திரைகளில் தோன்றி ஆணையிடும் ஜீவா உண்மையான மனிதர் அல்லர். ஒளியால் உருவாக்கப்பட்ட வெறும் பிம்பம். இருந்த சிபியைக் காணவில்லை; இல்லாத ஜீவாவோ எங்கும் காட்சி தருகிறார். கேள்வி கேட்க இயலாத நாட்டில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழக்கூடும். இவற்றுக்கிடையே ஜீனோ என்னும் அந்த இயந்திர நாய் நூல்களைப் படிக்கிறது, சிந்திக்கிறது, நகைச்சுவையாகப் பேசுகிறது. மனிதர்கள் இயந்திரம்போல் ஆகிவிட்ட இடத்தில் இயந்திரம் மனிதத்தன்மை பெறுவதுதான் இக்கதையின் சிறந்த பகுதி என்பது என் எண்ணம். இதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' என்னும் புதினத்தையும் சுஜாதா எழுதினார்.

இத்தகைய கதைகளை 'டிஸ்டோபியா' என்னும் சொல்லால் உலகெங்கும் குறிப்பிடுவர். 1516-இல் தாமஸ் மோர் என்னும் ஆங்கிலேயர், குறைகளற்ற ஒரு கற்பனைத் தீவைப் படைத்து அதற்கு 'யுடோபியா' என்று பெயரிட்டார். அதற்கு நேர்மாறான உலகமே டிஸ்டோபியா. இப்பாடத்தில் அதனைக் 'கேடுலகம்' என்று வழங்குவோம். கேடுலகக் கதைகளை எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்லும் சோதிடமாக எண்ண வேண்டா. அவற்றில் வரும் கொடுமைகளுள் பெரும்பாலானவை எங்கேனும் ஓரிடத்தில் முன்பே நிகழ்ந்தவையே. எழுத்தாளர் அவற்றைத் திரட்டி ஒரே நாட்டில் குடியேற்றிவிடுகிறார்.

மட்டாஞ்சேரியின் வில்லை

பெயரைப் பறித்து மனிதரை ஆள்வதற்குச் சான்று தேடித் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த மட்டாஞ்சேரியிலேயே ஒன்று இருக்கிறது.

முன்பு கொச்சித் துறைமுகத்தில் சரக்கேற்றி இறக்கும் தொழிலாளர்க்கு நிலையான வேலை கிடையாது. கப்பல் வந்ததும் வேலை தேடுவோர் திரண்டு நிற்பர். கங்காணி அக்கூட்டத்தின்மீது உலோக வில்லைகளை வீசி எறிவான். மலையாளத்தில் அவ்வில்லைக்குச் 'சாப்ப' என்று பெயர். விழுந்த வில்லையைப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை; கிடைக்காதவன் வீட்டில் அடுப்பெரியாது. ஆகவே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து முண்டியடித்தனர், காயமடைந்தனர். வேலை கொடுப்பவனுக்குத் தொழிலாளியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. வில்லை இருந்தால் போதும். ஒருவரோடொருவர் அடித்துக்கொள்ளும் கூட்டம் ஒன்றுசேர்ந்து கூலி கேட்காது என்னும் கணக்கும் அதனுள் இருந்தது.

இம்முறையை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி ஆகிய இருவர் குண்டுபட்டு மாண்டனர். ஆன்டணி என்பவர் காவலர் தாக்கியதால் பின்னர் உயிரிழந்தார். வில்லைக்காகக் கைநீட்டி நின்றவரை அவர்கள் கூட்டத்தில் ஒருவர். இன்று ஊரார் அவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றனர். கே. எம். சிதம்பரன் இப்போராட்டத்தை 'துறமுகம்' என்னும் மலையாள நாடகமாக எழுதினார். அதனைத் தழுவி ராஜீவ் ரவி இயக்கிய திரைப்படம் 2023-இல் வெளிவந்தது. வில்லை வீசப்படும் காட்சியைக் கேடுலகக் கதை ஒன்றில் படித்திருந்தால், இப்படியும் நடக்குமா என்று கேட்டிருப்போம். உங்கள் பள்ளிப் பேருந்து செல்லும் சாலைகளில் நடந்தது அது.

சுருங்கும் அகராதி

ஜார்ஜ் ஆர்வெல் இங்கிலாந்து எழுத்தாளர். எனினும் பிறந்தது பீகாரின் மோதிஹாரியில், 1903-இல். இளமையில் பர்மாவில் ஆங்கிலேய ஆட்சியின் காவல் அதிகாரியாக இருந்தார். ஆள்வோர் பக்கம் நின்று அடக்குமுறையைக் கண்டவர் அவர். 1949-இல் வெளிவந்த அவருடைய '1984' என்னும் புதினமே கேடுலகக் கதைகளுள் மிகவும் புகழ்பெற்றது.

அதன் நாயகன் வின்ஸ்டன், 'உண்மை அமைச்சகம்' என்னும் அலுவலகத்தில் வேலை செய்கிறான். பழைய நாளேடுகளைத் திருத்துவதே அவன் வேலை. அரசு நேற்றுச் சொன்னது இன்று பொய்யாகிவிட்டால், நேற்றைய நாளேட்டையே மாற்றி அச்சிட்டுவிடுவார்கள். அரசுக்கு ஆகாதவராகிவிட்ட ஒருவரின் பெயர் எல்லா ஏடுகளிலிருந்தும் நீக்கப்படும். அதன்பின் அவர் இறந்தவர்கூட அல்லர், பிறக்கவே இல்லாதவர்.

மொழி பயிலும் நமக்கு அப்புதினத்தில் மேலும் அச்சமூட்டுவது வேறொன்று. அந்நாட்டில் ஒரு புதிய அகராதி உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பதிப்பிலும் அது தடிமன் குறைந்துகொண்டே வருகிறது. வேண்டாத எண்ணங்களுக்குரிய சொற்களை நீக்கிவிட்டால் அவ்வெண்ணங்களும் தோன்றா என்பது அவ்வரசின் நம்பிக்கை. தமிழில் எண்ணிப் பாருங்கள். 'விடுதலை' என்னும் சொல் சிறைக்கதவு திறப்பதை மட்டும் குறிக்கும் என்று ஓர் அகராதி வரையறுத்துவிட்டால், சிறைக்கு வெளியே இருப்பவர் தமக்கு விடுதலை வேண்டும் என்று எந்தச் சொல்லால் கேட்பார்?

எரிந்த நூலகம்

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' 1953-இல் வெளிவந்தது. அக்கதையில் தீயணைப்பு வீரர்கள் தீயை அணைப்பதில்லை. நூல்கள் இருக்கும் வீட்டைத் தேடிச் சென்று எரிக்கின்றனர். தடை முதலில் அரசிடமிருந்து வரவில்லை என்று அப்படையின் தலைவனே விளக்குகிறான். மக்கள் முதலில் படிப்பதைக் குறைத்தனர். மனத்தை உறுத்தும் நூல்கள் வேண்டா என்றனர். தீ பின்னர்தான் வந்தது. கதையின் இறுதியில் சிலர் ஊருக்கு வெளியே கூடி வாழ்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவரும் நூல்களை நெஞ்சில் மனப்பாடமாகச் சுமக்கின்றனர்.

நூல்கள் எரிவது தமிழர்க்குக் கதை மட்டுமன்று. இலங்கையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 நள்ளிரவை ஒட்டிக் காவலர் உள்ளிட்ட கும்பலால் எரிக்கப்பட்டது. அச்சு நூல்களும் ஓலைச்சுவடிகளுமாக ஏறத்தாழ 97,000 சாம்பலாயின. மறுபடி அச்சிட்டு வாங்கக்கூடிய நூல்கள் உண்டு. ஓலைச்சுவடிக்கு மறுபதிப்பு ஏது? அவ்விழப்பை எண்ணி ஈழத்துக் கவிஞர் எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை எழுதினார். நூல்களோடு புத்தரும் கொல்லப்பட்டதாகக் கற்பனை செய்யும் அக்கவிதையை வாய்ப்புக் கிடைக்கும்போது தேடிப் படியுங்கள்.

வர இயலாதோர்

தணிக்கை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பயன்பாடுகள் உண்டு. அலுவலகக் கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை. வெளிவருமுன் எழுத்தைப் படித்து வெட்டுவதும் தணிக்கை. முன்னது எழுதப்பட்டது உண்மையா என்று பார்க்கிறது. பின்னதற்கு அக்கவலை இல்லை. உண்மையாக இருந்தால்தான் பெரும்பாலும் வெட்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் இதழ்களை அடக்குவதற்குச் சட்டமும் சிறையும் பயன்பட்டன. பாரதியார் சென்னையில் நடத்திய 'இந்தியா' இதழின் மீது 1908-இல் வழக்கு வந்தபோது, சிறை சென்றவர் சட்டப்படி ஆசிரியராகப் பதிவுபெற்றிருந்த சீனிவாசன். எழுதியவர் பாரதியார், ஏட்டில் இருந்த பெயர் வேறு. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து இதழைத் தொடர்ந்தார். ஆங்கிலேய எல்லைக்குள் இதழ் நுழையத் தடை வந்தது. 1910-இல் இதழ் நின்றது. அவர் மறைந்து ஏழாண்டுகள் கழித்தும் அச்சம் தீரவில்லை போலும். 1928-இல் சென்னை மாகாண அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து வாதிட்டார்.

நாடு விடுதலை பெற்றபின் தணிக்கை மிகக் கடுமையாக இருந்த காலம் நெருக்கடி நிலைக் காலம். 1975 ஜூன் 25 இரவு அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 வரை நீடித்தது. நாளேடுகள் வெளியிடவிருக்கும் செய்தியைத் தணிக்கை அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. தொடக்கத்தில் சில ஏடுகள் தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு அச்சிட்டன. படித்தவர்க்குப் பொருள் விளங்கிற்று. அதிகாரிகளுக்கும் விளங்கியதால் வெற்றிடம் விடுவதும் தடைசெய்யப்பட்டது. ஒன்றும் எழுதாமல் இருப்பதே குற்றமாகிவிட்ட நிலையைச் சுஜாதாவோ ஆர்வெல்லோ கற்பனை செய்ததாக எழுதியிருந்தால் பாராட்டியிருப்போம்.

1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அக்கட்சியினர் பலர் 'மிசா' என்று சுருக்கமாக வழங்கப்பட்ட சட்டத்தின்கீழ்ச் சிறையில் அடைக்கப்பட்டனர். (பின்னாளில் அச்சட்டத்தின் பெயரையே சிலர் தம் பெயருக்கு முன் அடையாகச் சேர்த்துக்கொண்டனர்.) யார் யார் சிறைப்பட்டனர் என்று வெளியிட ஏடுகளுக்கு உரிமை இல்லை. தம் வீட்டார் எங்கே இருக்கிறார் என்று அறியாது எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. சிபியைத் தேடும் நிலாவை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூன்று நாள் கழித்துப் பிப்ரவரி 3 வந்தது. அது முன்னாள் முதலமைச்சர் அண்ணா 1969-இல் மறைந்த நாள். ஆண்டுதோறும் கட்சியினர் சென்னைக் கடற்கரையில் உள்ள அவர் நினைவிடத்திற்குச் சென்று மலர் சாத்துவது வழக்கம். அன்றைய தி.மு.க. நாளேடான முரசொலி ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா நினைவிடத்திற்கு மலர் வைக்க வர இயலாதோர் இவர்கள் என்னும் பொருள்பட ஒரு தலைப்பு; கீழே மாவட்டவாரியாகப் பெயர்கள். சிறை என்ற சொல் இல்லை. கைது என்ற சொல் இல்லை. தமிழகம் முழுவதும் மக்கள் அப்பட்டியலைப் படித்து, தமக்குத் தெரிந்தவர் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடினர்.

அரசியலில் நீங்கள் எப்பக்கம் நிற்பவராயினும், தமிழ் மாணவர் என்ற முறையில் இத்தொடரை ஆராய்வது நன்று. 'கைது செய்யப்பட்டோர்' என்று எழுதியிருந்தால், செய்தது யார் என்னும் கேள்வி உடனே எழும், தணிக்கையாளர் வெட்டியிருப்பார். 'வர விரும்பாதோர்' என்றால் பொருளே மாறிவிடும். 'இயலாதோர்' என்னும் எதிர்மறை வினையாலணையும் பெயர், வரவில்லை என்பதைச் சொல்கிறது; வர விரும்பினர் என்பதையும் உணர்த்துகிறது; தடுத்தது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அவ்விடத்தைப் படிப்பவர் நிரப்பிக்கொள்கிறார். படிப்பவர் மனத்திற்குள் நடப்பதை வெட்ட எந்த அதிகாரியிடமும் கத்தரிக்கோல் இல்லை. ஆனால் அதற்கு அத்தமிழ் தெரிந்த வாசகர் வேண்டும். 'இயலாதோர்' என்பதற்கும் 'வராதோர்' என்பதற்கும் வேறுபாடு அறியாத ஒருவர் கையில் அன்றைய முரசொலி கிடைத்திருந்தால், அது வெறும் பெயர்ப் பட்டியலாகவே இருந்திருக்கும்.

சொல்லும் பொருளும்

புதினம் - நாவல்
பிம்பம் - நிழலுரு
வில்லை - வட்டமான சிறு தகடு
கங்காணி - வேலையாட்களை மேற்பார்ப்பவன்
தலையங்கம் - நாளேட்டின் கருத்தைக் கூறும் கட்டுரை
முண்டியடித்தல் - நெருக்கித் தள்ளி முன்செல்லல்

இலக்கணம் அறிவோம்

வினையைச் செய்தவரை அவ்வினையாலேயே சுட்டும் பெயர் வினையாலணையும் பெயர் ஆகும்.
உடன்பாடு: வந்தோர், படித்தவர். எதிர்மறை: வாராதோர், படியாதவர்.
கீழ்க்காணும் வினைகளுக்கு இருவகை வடிவங்களையும் எழுதுக: பேசு, காண், அறி, கேள்.

பயிற்சி

1. இருந்த சிபிக்கும் இல்லாத ஜீவாவுக்கும் உள்ள முரண் வழியாகச் சுஜாதா அந்நாட்டு ஆட்சியைப் பற்றி என்ன உணர்த்துகிறார்?
2. வில்லை வீசும் முறை தொழிலாளரின் ஒற்றுமையை எவ்வாறு குலைத்தது?
3. 'பிராட்பரியின் கதையில் தீ பின்னர்தான் வந்தது.' முன்னர் நிகழ்ந்தது யாது? விளக்குக.
4. வெற்றிடம் விட்டு அச்சிட்ட தலையங்கம், வர இயலாதோர் பட்டியல் ஆகிய இரண்டனுள் எது தணிக்கையைத் திறம்பட எதிர்கொண்டது எனக் கருதுகிறீர்? காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.
5. 'அவர் பேசவில்லை', 'அவரால் பேச இயலவில்லை', 'அவர் பேச மறுத்தார்', 'அவர் பேச விடப்படவில்லை' - இந்நான்கு தொடர்களையும் தணிக்கை அதிகாரி படிப்பதாகக் கொள்க. எதனை விடுவார், எதனை வெட்டுவார்?
6. செயல்பாடு: உங்கள் வீட்டுப் பெரியவர்களுள் எவர் பெயரேனும் பள்ளியிலோ, குடும்ப அட்டையிலோ, வேலைக்குச் சேர்ந்த இடத்திலோ மாற்றி எழுதப்பட்டதுண்டா எனக் கேட்டறிக. முதலில் இருந்த பெயர், அதை வைத்தவர், மாறிய பெயர், மாற்றியவர் ஆகிய நான்கையும் எழுதி வருக. அப்பெரியவரை வீட்டில் இன்று எப்பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுக.